"ஊட்டியில் மழையா?" என்று கேட்காதீர்கள்: நம்ப முடியாத வானிலையில் நீலகிரி சுற்ற முழுமையான வழிகாட்டி

நான் குன்னூர்ப் பக்கம் இருக்கிறேன். கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் மலை ஏறுவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஊட்டியில மழையா மாமா?" ஆமாம் என்றால் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். இல்லை என்றால் மெல்லிசு சட்டையோடு வந்து இறங்கி நடுங்குகிறார்கள். "எந்தப் பக்கம் மழை?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், வருடத்தில் எந்த மாதம் வந்தாலும் மூன்று நாளில் இரண்டு நாளாவது ஒழுங்காகச் சுற்றிப் பார்க்கலாம்.

கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது வரிசையில்தான். முதலில் அறையைப் பிடித்துவிட்டு, கடைசியில் வானத்தைப் பார்க்கிறார்கள்.

1. முதலில் மாதம், அப்புறம் பக்கம்

நீலகிரியை ஒரே ஊராக நினைக்க வேண்டாம். நடுவில் தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்கிறது; சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். மேற்கே கூடலூர், பந்தலூர், நடுவட்டம், பைக்காரா, அவலாஞ்சி. கிழக்கே குன்னூர், கோத்தகிரி, கோடநாடு. ஊட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மழையிலும் நனைகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்று கேரளப் பக்கமிருந்து வந்து மேற்குச் சரிவில் மோதி, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. பந்தலூர் பக்கத்துத் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்பார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. இதே மாதங்களில் கோத்தகிரியில் காற்றும் மேகமும் இருக்கும், நடுநடுவே வெயிலும் அடிக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு இதுதான் பெரிய மழை. 2009 நவம்பரில் பல உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவுகள் குன்னூர், கேத்தி பக்கம் நடந்தவை. அந்த மாதங்களில் பைக்காரா பக்கம் ஒப்பிட்டால் அமைதியாக இருக்கும்.

ஏப்ரல், மே கோடை மழை வேறு மாதிரி. காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். மதியத்துக்கு மேல் இடியோடு ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். ஜனவரி, பிப்ரவரியில் மழைத் தொல்லை அனேகமாக இல்லை. ஆனால் விடியற்காலையில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா புல்வெளியெல்லாம் உறைபனியால் வெள்ளையாகிக் கிடக்கும். பகலில் வெயில், ராத்திரி பல் கிட்டும் குளிர்.

ஆக, பயண மாதத்தை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே எது நனையும் பக்கம், எது காயும் பக்கம் என்று எழுதுங்கள். மற்ற எல்லாம் இந்த இரண்டு வரியிலிருந்துதான் வர வேண்டும்.

2. தங்கும் ஊரைக் காயும் பக்கம் பார்த்துப் பிடியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் குன்னூர் அல்லது கோத்தகிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் ஊட்டி; அதுவும் நனையும்தான், ஆனால் கிழக்குச் சரிவைவிடப் பரவாயில்லை. குன்னூரிலிருந்து ஊட்டி 20 கிலோமீட்டருக்குள்தான், கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 30. எங்கே தங்கினாலும் மற்ற ஊர்களைத் தொட்டுவிட்டு வரலாம். ராத்திரி திரும்பி வந்து படுக்கும் இடம் நனைந்த பக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மழையில் மின்சாரம் போவதும் மரம் விழுந்து சாலை அடைபடுவதும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

மூன்று நாளைக்கு மூன்று ஊரில் அறை போடாதீர்கள். ஈரத் துணியை மூட்டை கட்டி இன்னோர் அறையில் பிரிப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று ஒரு தடவை செய்தால் தெரியும்.

அறை பிடிக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? பெரிய சாலையிலிருந்து அறை வரைக்கும் வழி எப்படி, மண் ரோடா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? படத்தில் அழகாகத் தெரியும் எஸ்டேட் பங்களாக்கள் பலவும் இந்த இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் சரி. மழையில் அந்தச் செம்மண் இறக்கத்தில் கார் வழுக்கிக்கொண்டு போகும்.

3. இ-பாஸும் ரயில் டிக்கெட்டும்

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ் (மாவட்டத்துக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேதி, வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தங்கும் இடம் எல்லாம் கேட்கும். அதனால்தான் அறையைப் பிடித்த பிறகு இதை எடுக்கச் சொல்கிறேன். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இது தேவையில்லை.

கோடை சீசனில் மட்டும் சோம்பல்படாதீர்கள். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சிக்னல் கிடைக்காத போனில் பாஸ் எடுக்கத் தவிக்கும் குடும்பங்களை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மலைரயிலுக்கு 60 நாள் முன்னாலேயே முன்பதிவு திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணத் திட்டத்தை அந்த ரயில்மேல் கட்டாதீர்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை செங்குத்தான கிழக்குச் சரிவில் பல்சக்கரத்தில் ஏறுகிறது. அந்தச் சரிவுதான் வடகிழக்கு மழையில் தண்டவாளத்தின்மேல் சரிந்து விழும். ரயிலை ரத்து செய்வார்கள். குன்னூர்–ஊட்டித் துண்டு அப்போதும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் வருபவர்கள் பேருந்தில் ஏறி வந்து, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போவது புத்திசாலித்தனம்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

குடையைவிட மழைக்கோட்டு முக்கியம். ஜூலை காற்றில் குடை உள்ளே வெளியே திரும்பிக் கம்பி முறிந்துவிடும். பைக்காராவில் குப்பைத்தொட்டியில் கிடக்கும் குடைகளே சாட்சி.

தடிமனான ஒரே ஜெர்கினுக்குப் பதில் மெல்லிய இரண்டு அடுக்கு கொண்டு வாருங்கள். காலையில் இரண்டும் வேண்டும், பதினோரு மணி வெயிலில் ஒன்றைக் கழற்ற வேண்டும், நாலு மணிக்கு மறுபடி போட வேண்டும். தலைக்கும் காதுக்கும் குல்லா. குழந்தைகளுக்கு ஆளுக்கு நாலு ஜோடி காலுறை. அதிகமாகத் தோன்றும், ஆனால் பத்தாது. பிடிப்புள்ள ஷூ ஒன்று, அறையில் போட ஒரு செருப்பு.

பழைய செய்தித்தாள் நாலைந்து கொண்டு வாருங்கள். நனைந்த ஷூவுக்குள் ராத்திரி கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். ஹீட்டர் முன்னால் வைத்துக் காய வைக்கப் போய் அடிப்பாகம் பிளந்த ஷூ எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் பையும் மாவட்டத்தில் தடை. கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில், துணிப்பை கொண்டு வாருங்கள். பாட்டிலை நிரப்ப வழியெல்லாம் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

5. ஏறும் நாளில் ஏறுவது மட்டும்

மேட்டுப்பாளையத்தை விடிந்ததும் தாண்டிவிடுங்கள். நெரிசல் ஒரு காரணம். வெயில் ஏறின பிறகு மேகம் பர்லியாறுக்கு மேலே வந்து சாலையில் உட்கார்ந்துவிடும் என்பது இன்னொரு காரணம். ராத்திரியில் ஏறாதீர்கள். கல்லாறு, பர்லியாறு பகுதியில் யானை சாலையைக் கடக்கும், பலாப்பழ சீசனில் கேட்கவே வேண்டாம்.

மேகத்துக்குள் நுழைந்ததும் புதியவர்கள் ஹைபீம் போடுகிறார்கள். வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும்; முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும். லோபீம் போட்டு, சாலையின் இடப்பக்கக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஓடும் வண்டியில் நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள், எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவனுக்குப் புரியாது. கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நின்ற பேருந்தை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

போட்டோ எடுக்க நிறுத்துவதானால் மண் சுவரை ஒட்டியோ கற்பூர மரத்தடியிலோ (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) நிறுத்தாதீர்கள். ஊறிய மண்ணில் அந்த உயரமான மரங்கள் வேரோடு சாய்ந்துவிடுகின்றன.

அன்றைக்கு எந்த இடமும் பார்க்காதீர்கள். குழந்தைகளில் ஒன்றாவது வாந்தி எடுத்திருக்கும், பெரியவர்களுக்குக் காது அடைத்திருக்கும். அறைக்குப் போய் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றினால் போதும்.

6. ஒரு நாளை மூன்று துண்டாக வெட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். காலையில் மலையின் விளிம்பு, மதியம் தோட்டம், சாயங்காலம் கூரை.

வெயில் ஏற ஏற மேட்டுப்பாளையம், பவானிசாகர் பக்கத்துச் சூடான காற்று சரிவில் மேலேறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் முதலில் வந்து மோதுவது மலையின் விளிம்பில்தான். டால்பின் மூக்கு, லேம்ஸ் ராக், கோடநாடு ஆகிய காட்சிமுனைகள் எல்லாம் அந்த விளிம்பில் இருப்பவை. அதனால் அவற்றுக்குக் காலை நேரம். சிம்ஸ் பூங்காவும் ஊட்டி தாவரவியல் பூங்காவும் உள்ளே இருப்பவை. அங்கே மேகம் வந்தாலும் மரமும் பூவும் காலடியில்தான் இருக்கின்றன, ஓடிப்போகாது.

என் பெரியப்பா குடும்பத்தை ஒரு நவம்பரில் கோடநாட்டுக்கு மதியம் மூன்று மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு என்று வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டே போனேன். அங்கே போனால் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பெரியப்பா ஐந்து நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு, "ஏம்ப்பா, இந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார். அடுத்த நாள் காலை அதே இடத்தில் எல்லாம் தெரிந்தது, ஆனால் அவர்கள் அதற்குள் பேருந்து ஏறிவிட்டார்கள்.

குன்னூரில் ஒரு நாளை இப்படி வைக்கலாம். டால்பின் மூக்கும் லேம்ஸ் ராக்கும் ஒரே சாலையில் இருக்கின்றன. வழியில் முதலில் வரும் லேம்ஸ் ராக்கில் நிற்காமல் நேராகக் கடைசியில் இருக்கும் டால்பின் மூக்குக்குப் போங்கள். அங்கிருந்து எதிர்ச் சரிவில் கேத்தரின் அருவி விழுவது தெரியும். தூரக் காட்சி என்பதால் மேகம் முதலில் மறைப்பதும் அதைத்தான். திரும்பும்போது லேம்ஸ் ராக். அப்புறம் சிம்ஸ் பூங்கா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது தேயிலைத் தொழிற்சாலை.

விளிம்பில் போய் நின்று வெள்ளையாக இருந்தால் உடனே திரும்பாதீர்கள். மழைத்துளி விழவில்லை, காற்று வீசுகிறது என்றால் இருபது நிமிடம் காத்திருங்கள். மேகம் கிழிந்து ஒரு நிமிடம் பள்ளத்தாக்கு முழுவதும் திறக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். காற்றே இல்லாமல் தூறிக்கொண்டிருந்தால் காத்திருப்பது வீண்.

தொட்டபெட்டாவுக்கு ஒரு சின்னச் சோதனை. ஊட்டியில் இருந்து நிமிர்ந்து பார்த்து, சிகரம் மேகத்துக்குள் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். மேலே போய் டிக்கெட் எடுத்து மேகத்துக்குள்தான் நிற்கப் போகிறீர்கள்.

7. காலை ஏழு மணிக்குப் பக்கத்தை மறுபடி சரிபாருங்கள்

மாதத்தைப் பார்த்து எழுதியது வெறும் ஊகம். அன்றன்றைக்குப் பக்கம் மாறலாம். வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானால் சீசன் இல்லாத மாதத்திலும் குன்னூர் நனையும்.

போன் செயலி ஊட்டிக்கு நாள் முழுக்க மழைப் படம் போட்டிருக்கும். அது ஊட்டிக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நம்பகமானது ஊட்டி பேருந்து நிலையம். கூடலூரிலிருந்து வரும் வண்டியின் கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறதா, கோத்தகிரியிலிருந்து வருவது காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். ஓட்டுநரிடம் கேட்டால் எந்த வளைவில் மழை நின்றது என்பது வரைக்கும் சொல்வார்.

மேற்கு நனைந்தால் வண்டியைக் கோத்தகிரிக்குத் திருப்புங்கள். கிழக்கு நனைந்தால் பைக்காரா சாலை. ஒன்பதாவது மைல் புல்வெளி, பைன் காடு எல்லாம் அந்த வழியில்தான். இரண்டும் நனைந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

8. இரண்டு பக்கமும் கொட்டினால்

அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது குன்னூர்–ஊட்டி ரயில்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நனைந்த பள்ளத்தாக்கின் ஓரமாகவே போகும்; உங்கள் தலைக்கு மேல் கூரை இருக்கும். சன்னலை மூடச் சொல்லிப் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயம். 1830-இல் அர்ப்பணிக்கப்பட்டது, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்து கொண்டுவந்த மரம் அதன் உத்தரங்களில் இருக்கிறது. வழிபாட்டு நேரத்தில் போகாதீர்கள். எம். பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் வாழ்க்கையைப் பற்றி நிதானமாகத் தெரிந்துகொள்ள ஒரு முழு மதியம் போகும். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில், ஆங்கிலேயர் காலத்தில் கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது.

ஒரு மழை நாளுக்கு இவற்றில் இரண்டு போதும். ஈரத்தில் ஏறி இறங்குவதே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

9. போகவே கூடாத நேரம்

வானிலை மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் வெளியே சுற்றாதீர்கள். அந்த நாட்களில் சுற்றுலா இடங்களை நிர்வாகமே மூடுவதுண்டு. "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று காவலாளியிடம் கெஞ்சுபவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே மரம் விழுந்தால் அவரும்தான் ஓட வேண்டும். சாலை அடைப்பு, மண்சரிவு பற்றிக் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அருவியடியில் வெயில் அடித்தாலும், மேலே காட்டில் மழை பெய்திருந்தால் தண்ணீர் திடீரென்று ஏறும். நீர் கலங்கி, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் செருப்பைத் தேடாமல் கரைக்கு ஏறுங்கள்.

வெளிமாவட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்க முடியாது. மேப் அந்த வழியைத்தான் காட்டும், குறுக்குவழிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு. பிரேக் பிடிக்காமல் அங்கே நடந்த விபத்துகள் அதிகம். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

10. இறங்கும் நாள்

காலையிலேயே இறங்குங்கள். ராத்திரி ரயிலுக்கு மதியம் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே ஒரு மரம் விழுந்தால், அறுத்து அகற்ற இரண்டு மணி நேரம், சேர்ந்த வண்டிகள் கலைய இன்னொரு மணி நேரம். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கி விடுவதும் உண்டு. அதற்கும் நேரம் வையுங்கள்.

இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகின வாசனை வரும். வந்துவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வர்க்கி (இங்கத்துப் பேக்கரிகளின் மொறுமொறு தின்பண்டம்) வாங்குவதானால் முதல் நாளே வாங்கி அறையில் வைக்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் இரண்டே நாளில் நமுத்துவிடும். கிளம்புகிற அன்று காலை பேக்கரியில் சூடு ஆறினதும் வாங்கி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.